புரூஃப் பார்த்த புத்தகம்

எபிக்டெட்டஸ் என்ற பழைய கிரேக்கத் தத்துவ ஆசிரியரை நான் தேடிப் போய்ப் படிக்கவில்லை. எழுத்துப் பிழை பார்ப்பதற்காகப் படித்தேன்.

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் டிரெடில் மிஷின், ஈய எழுத்து, கம்பாசிட்டர் என்று ஓடியது. இப்போது ஒரு மினி ஆஃப்செட், ஒரு கட்டிங் மிஷின், டிசைன் போட ஒரு கம்ப்யூட்டர். பில் புக், லெட்டர்பேடு, கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, இவைதான் பிழைப்பு. புத்தக வேலை வருஷத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் உண்டு.

2019-இல் அப்படி ஒன்று வந்தது. கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், எபிக்டெட்டஸின் பழைய கிரேக்கக் கையேட்டைத் தமிழில் எழுதி எடுத்துவந்தார். விற்பனைக்கு இல்லை, தெரிந்தவர்களுக்குக் கொடுக்க 200 பிரதி போதும் என்றார். டெம்மி சைஸ், மூன்று பாரம், 48 பக்கம். மொத்தம் 53 சின்னச் சின்னப் பத்திகள். சில பத்திகள் இரண்டு மூன்று வரிதான்.

புரூஃப் பார்ப்பவன் வாசகன் கிடையாது. ஒற்று விழுந்திருக்கிறதா, றகரம் ரகரம் மாறியிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் போவான். அர்த்தம் மண்டையில் ஏறாது. நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். நான்காவது பத்தியில் நின்றுவிட்டேன். பொதுக் குளியலறைக்குக் குளிக்கப் போகிறாயா, அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்று முதலில் மனசில் ஓட்டிப் பார்த்துக்கொள் என்கிறது அது. தண்ணீரை வாரி அடிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள். ‘எனக்குக் குளிக்கவும் வேண்டும், மனசைக் கெடுத்துக்கொள்ளாமல் திரும்பவும் வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்பு. தத்துவம் என்றால் ஆகாயத்தில் எங்கேயோ இருக்கும் என்று நினைத்திருந்தவனுக்கு, குளிக்கிற இடத்தில் திருடுபவனைப் பற்றிப் பேசியது பிடித்துப்போனது.

அன்று மத்தியானம் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. சரி, சோதித்துப் பார்ப்போமே என்று வண்டியை எடுக்கும் முன்பே ஓட்டிப் பார்த்தேன். சீட்டில் ஆள் இருக்க மாட்டார். இருந்தால் சர்வர் வேலை செய்யாது. ஏதோ ஒரு ஜெராக்ஸ் குறையும். எனக்குப் பின்னால் வந்தவர் எனக்கு முன்னால் உள்ளே போவார். போனால் நான்கில் மூன்று அப்படியே நடந்தது. சர்வர் மட்டும் வேலை செய்தது. அதைப் பார்த்ததும் லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. வழக்கமாக அந்த வாசலிலிருந்து வீடு வரைக்கும் வாய்க்குள் திட்டிக்கொண்டே வருவேன். அன்று வழியில் நிறுத்தி ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் பேராசிரியரிடம், “யார் சார் இந்த ஆளு?” என்று கேட்டேன்.

கி.பி. 50 வாக்கில் இன்றைய துருக்கியில், ஹியராபோலிஸ் என்ற ஊரில் பிறந்தவர். ரோமில் அடிமையாக இருந்தவர். அவருடைய எஜமானன் எபாஃப்ரோடிட்டஸ், நீரோ மன்னனிடம் பெரிய பதவியில் இருந்தவன். எபிக்டெட்டஸுக்குக் கால் ஊனம். அடிமையாக இருக்கும்போதே முசோனியஸ் ரூஃபஸ் என்ற ஆசிரியரிடம் பாடம் கேட்டிருக்கிறார். பிறகு விடுதலை கிடைத்து ரோமிலேயே பாடம் நடத்தினார். டொமிஷியன் என்ற பேரரசன் தத்துவவாதிகளையெல்லாம் விரட்டியபோது, கிரேக்கத்தின் மேற்குக் கரையில் நிக்கோபோலிஸ் என்ற ஊருக்குப் போய் அங்கே பள்ளிக்கூடம் வைத்தார். அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆரியன் என்ற மாணவர் குறிப்பெடுத்து வைத்ததுதான் நமக்கு வந்திருக்கிறது. அந்தப் பெரிய குறிப்பிலிருந்து சுருக்கியது இந்தக் கையேடு.

இவருக்கும் சுமார் 350 வருஷத்துக்கு முன்னால், சைப்ரஸ் தீவிலிருந்து வந்த ஜீனோ என்ற வியாபாரி கப்பல் உடைந்து ஏதென்ஸில் கரையேறினார், அங்கே ஒரு புத்தகக் கடையில் உட்கார்ந்து தத்துவத்தில் விழுந்தார் என்று சொல்வார்கள். அவர் பாடம் நடத்திய இடம் ‘ஸ்டோவா’, அதாவது வரிசையாகத் தூண் நிற்கிற மண்டபம். எபிக்டெட்டஸ் பின்பற்றிய தத்துவத்துக்கு ஸ்டோயிக் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. மதுரைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. புது மண்டபத்தில் ஒரு தூணுக்குக் கீழே தையல் மிஷின், அடுத்த தூணுக்குக் கீழே புத்தகக் கடை, அதற்கடுத்து பாத்திரக் கடை என்று இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அப்படி ஒரு கடைவீதி மண்டபத்தில் நாலு பேர் நின்று கேட்க ஒருவர் பேசியிருக்கிறார் என்றதும், அந்த ஆட்கள் எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகிவிட்டார்கள்.

கையேட்டின் முதல் பத்திதான் எல்லாரும் சொல்வது. இன்று போனைத் திறந்தால் தாடி வைத்த பளிங்குச் சிலையைக் காட்டி, பின்னால் ஜிம் பாட்டு போட்டுச் சொல்வதும் அதைத்தான். உலகத்தில் இரண்டு வகை: நம் கட்டுப்பாட்டில் உள்ளவை, இல்லாதவை. பேராசிரியர் முதலில் ‘நம்மைச் சார்ந்தவை, சாராதவை’ என்று எழுதியிருந்தார். ரொம்பப் புத்தகத் தமிழாக இருக்கிறது சார், ‘நம் கையில் இருப்பவை, இல்லாதவை’ என்று போடுங்களேன் என்றேன். பில் புக் அடிப்பவன் சொல்கிறானே என்று பார்க்காமல் அவர் நிஜமாகவே யோசித்தார். கடைசியில் இரண்டையும் அடித்துவிட்டு ‘நம்மைப் பொறுத்தவை’ என்று போட்டார். மூலத்தில் கட்டுப்பாடு என்ற வார்த்தையே கிடையாதாம். ‘எஃப் ஹேமின்’ என்று இருக்கிறதாம். நம்மேல் நிற்பது, நம்மைப் பொறுத்தது என்று பொருள்.

அன்று அது ஒரு வார்த்தை விவகாரமாகத்தான் தெரிந்தது. பொறுத்தது, பொறுப்பு, பொறுமை எல்லாம் ஒரே வேர் என்பது உறைக்க எனக்கு ஒரு கொரோனா தேவைப்பட்டது.

2020 மார்ச் 24-ஆம் தேதி சாயங்காலம் அவசர அவசரமாக ஷட்டரை இறக்கினோம். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு 17 பத்திரிகை ஆர்டர் கையில் இருந்தது. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று ஆனதும், பத்திரிகை யாருக்கு வேண்டும்? ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். கார்டு ஏற்கெனவே சிவகாசியிலிருந்து வந்து இறங்கியிருந்தது.

எனக்குத்தான் தத்துவம் தெரியுமே. ‘இது என் கையில் இல்லை’ என்று சொல்லிக்கொண்டு கட்டிலில் படுத்தேன். பழைய கிரிக்கெட் மேட்ச் எல்லாம் பார்த்தேன். மனசு நிஜமாகவே அமைதியாக இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் புலம்பும்போது, “நம்ம கையில என்ன சார் இருக்கு?” என்று ஞானி மாதிரி சொல்லுவேன்.

மே மாதம் கடை திறந்து மிஷினைப் பார்த்தால், ரோலரில் இங்க் கல்லாகக் காய்ந்து கிடந்தது. கடையைப் பூட்டிய அன்று அவசரத்தில் ரோலரைக் கழுவவில்லை. ஆஃப்செட் வேலை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மண்ணெண்ணெய், கெமிக்கல் எல்லாம் போட்டுத் தேய்த்தும் பயனில்லை, ரப்பர் வெடித்துவிட்டது. புது ரப்பர் போட 9,000 ரூபாய்க்கு மேல் ஆனது, வருமானமே இல்லாத மாதத்தில். வீட்டிலிருந்து கடை 2 கிலோமீட்டர். காலையில் காய்கறி வாங்க வெளியே விட்டார்கள். ஒருநாள் வண்டியை அப்படியே திருப்பியிருந்தால் அரைமணி நேர வேலை.

கல்யாணம் நடப்பதும் நடக்காததும் என்னைப் பொறுத்ததில்லை. ரோலர் முழுக்க முழுக்க என்னைப் பொறுத்தது. நான் பட்டியலின் இரண்டாம் பாதியை மட்டும் படித்துவிட்டுப் படுத்திருக்கிறேன். எபிக்டெட்டஸின் முதல் பாதி ரொம்பச் சின்னது: நம் எண்ணம், நம் முனைப்பு, நம் ஆசை, நம் வெறுப்பு, சுருக்கமாக நாமே செய்கிற செயல். உடம்பு, சொத்து, பேர், பதவி எல்லாம் அந்தப் பக்கம். சின்னப் பட்டியல்தானே என்று பார்த்தால், வேலை முழுக்க அதற்குள்தான் கிடக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ‘என் கையில் இல்லை’ என்று வாயில் வந்தால், அந்த வாக்கியத்தை அங்கேயே முடிக்கக் கூடாது. ‘ரோலர் எது?’ என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும். வீட்டில் மகளுக்குக்கூட இது தெரியும். பரீட்சை பேப்பர் கஷ்டமாக வந்துவிட்டது என்று அவள் சொன்னபோது நான் வாயைத் திறப்பதற்குள், “தெரியும்ப்பா, ரோலர்” என்றாள்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர், ‘இதெல்லாம் நம் கணியன் பூங்குன்றனார் சொன்னதுதானே’ என்பார். தீதும் நன்றும் பிறர்தர வாரா என்ற வரிக்கும் ஸ்டோயிக்குகளுக்கும் பக்கத்து வீடுதான், மறுக்கவில்லை. உலகம் முழுக்க ஒரே ஊர் என்று அவர்களும் பேசியிருக்கிறார்கள். ஆனால் புறநானூற்றுப் பாட்டில் வாழ்க்கை ஆற்றோடு போகிற தெப்பம். பாடுபவர் அதைக் கண்டு தெளிந்துவிட்டார், பெரியவரைப் பார்த்து வியப்பதும் இல்லை, சிறியவரை இகழ்வதும் இல்லை. எபிக்டெட்டஸ் உடற்பயிற்சி வாத்தியார் மாதிரி. தெளிவு வராத ஆளுக்கு நாளைக்குக் காலையில் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கிறார். எனக்குத் தெளிவு வராது என்பது எனக்குத் தெரியும், அதனால் இவர் தோதாக இருக்கிறார்.

2023 தை மாதம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

பெண் வீட்டார் பத்திரிகை, 500 கார்டு. பிரித்துப் பார்த்துவிட்டு அந்த வீட்டுப் பையன் போன் செய்தான். குரலே சரியில்லை. “அண்ணே, எங்க தாத்தா பேருக்கு முன்னாடி அமரர்னு போட்டிருக்கீங்க. தாத்தா ஹால்ல உக்காந்து காபி குடிச்சிக்கிட்டிருக்காரு.”

கார்டை எடுத்துப் பார்த்தேன். ஆமாம். கொட்டை எழுத்தில், தங்க நிறத்தில், அமரர்.

மிஷினை விட்டு இறங்கி நேராக டிசைன் போடும் பெண்ணின் நாற்காலியை நோக்கித்தான் நடந்தேன். அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது, முகம் வெளுத்திருந்தது. நான் கத்தியிருப்பேன். அப்பா அப்படித்தான் கத்துவார். கம்பாசிட்டர்கள் ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டுப் போன கதையெல்லாம் எங்கள் கடையில் உண்டு. ஆனால் என் இரண்டு கையிலும் கறுப்பு இங்க். கம்ப்யூட்டர் பக்கம் இங்க் கையோடு வரக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். குழாயடிக்குப் போனேன். முதலில் மண்ணெண்ணெய்த் துணி, அப்புறம் சோப்புத்தூள், நகக்கண்ணுக்கு பழைய பிரஷ். ஐந்து நிமிஷம் ஆகும். கோபத்துக்குப் பெரிய மருந்து தாமதம் என்று ரோம ஸ்டோயிக் செனகா எழுதியிருக்கிறார் என்று பேராசிரியர் ஒருமுறை சொன்னார். அந்த ஐந்து நிமிஷத்தில் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கோபம் இருந்தது. கூடவே, இவளைத் திட்டினால் அந்தக் கார்டில் உள்ள எழுத்து மாறாது என்கிற எண்ணமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அது போதுமாக இருந்தது.

“எந்த ஃபைல்ல இருந்தும்மா எடுத்த?” என்று கேட்டேன். போன மாதம் அடித்த வேறொரு பத்திரிகையின் ஃபைலைத் திறந்து, பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறாள். அந்த வீட்டுத் தாத்தா நிஜமாகவே அமரர். பெயர் மாறியது, அடைமொழி தங்கிவிட்டது. இதைக் கேட்டதும் எனக்கு அவளைத் திட்டவே வாய்வரவில்லை, ஏனென்றால் நேரம் மிச்சம் என்று பழைய ஃபைலில் மாற்றச் சொன்னவன் நான்.

அடுத்த பிரச்சினை, யார் காசு? தொழில் வழக்கப்படி, புரூஃபை வாடிக்கையாளர் ஓகே செய்துவிட்டால் பிழைக்கு அவர்தான் பொறுப்பு. அந்தப் பையன் வாட்ஸ்ஆப்பில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தான். ஸ்க்ரீன்ஷாட் கையில் இருந்தது. கையேட்டில் 43-ஆவது பத்தி: எந்த விஷயத்துக்கும் இரண்டு கைப்பிடி, ஒன்றைப் பிடித்தால் தூக்கலாம், இன்னொன்றைப் பிடித்தால் தூக்க முடியாது. உன் சகோதரன் உனக்கு அநியாயம் செய்துவிட்டானா, ‘அநியாயம் செய்தான்’ என்ற பிடியைப் பிடிக்காதே. ‘என் சகோதரன், என்னோடு வளர்ந்தவன்’ என்ற பிடியைப் பிடி. எனக்கு முன்னால் ஸ்க்ரீன்ஷாட் என்று ஒரு பிடி, உயிரோடு இருக்கும் ஒரு கிழவர் என்று ஒரு பிடி.

வீரம் பேசவில்லை, பாதிக் காசு வாங்கினேன். மொத்தமும் இலவசமாக அடித்துக் கொடுத்ததாக எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். கார்டு ஒன்று 18 ரூபாய், 500 கார்டு 9,000. பாதி அவர்கள், பாதி நான், அச்சுக்கூலி என்னுடையது. ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டவே இல்லை.

இரண்டாம் நாள் புதுக் கார்டை வாங்க அந்தத் தாத்தாவே பேரனோடு ஆட்டோவில் வந்துவிட்டார். எண்பது தாண்டியிருக்கும். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி, “நான்தான் அந்த அமரர்” என்றார். நான் எழுந்து கை கூப்பினேன், பேச்சு வரவில்லை. கிழவர் பழைய கார்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “எழுத்து நல்லாத்தான் இருக்கு. இதுல ஒண்ணை நான் வச்சுக்கிறேன் தம்பி. கொஞ்ச நாள்ல சரியாப் போயிரும்ல?”

பேரன், “சும்மா இருங்க தாத்தா” என்றான். டிசைன் போடும் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். ரோமப் பேரரசர் மார்கஸ் அவ்ரேலியஸ் தன் சொந்தக் குறிப்பேட்டில் சாவைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதித் தனக்குத்தானே பாடம் சொல்லிக்கொள்கிறார். இந்த மனிதர் அதையெல்லாம் படிக்காமல் டீயை ஆற்றிக் குடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு கடையில் இரண்டு விதி. பழைய ஃபைலில் மாற்றுவது கிடையாது. பத்திரிகை புரூஃபை ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் பார்க்க வேண்டும், பெரியவர்கள் பெயர் வரும்போது வாடிக்கையாளரைப் போனில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இருக்கிறாரா இல்லையா என்று நேராகக் கேட்க முடியுமா? “தாத்தா நல்லா இருக்காங்களா?” என்று நலம் விசாரிப்பது போலக் கேட்கிறோம். சில பேர் நெகிழ்ந்துபோய்ப் பத்து நிமிஷம் பேசுகிறார்கள்.

செனகா சொன்ன இன்னொன்றும் முயன்றேன், அது எங்கள் வீட்டில் எடுபடவில்லை. மாதத்தில் சில நாள் வேண்டுமென்றே மிகக் குறைந்த சாப்பாடு, முரட்டுத் துணி என்று இருந்து பார், ‘இதற்கா இவ்வளவு பயந்தோம்’ என்று தெரியும் என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். வீட்டில் இதை அறிவித்தபோது மனைவி நிமிர்ந்தே பார்க்காமல், “மாசக் கடைசி அஞ்சு நாளும் நம்ம வீட்ல அதுதானே நடக்குது” என்றாள். செனகா நீரோவுக்கு ஆசிரியராக இருந்து கணக்கில்லாத சொத்து சேர்த்தவர். அது எப்படி வந்தது என்று அந்தக் காலத்திலேயே செனட் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். மாடமாளிகையில் இருப்பவருக்குக் கஞ்சி ஒரு பயிற்சி. கடன் தவணை கட்டுகிறவனுக்கு அது வேறு. இந்தப் பாடத்தை நான் விட்டுவிட்டேன்.

விடக் கூடாத ஒன்றையும் விட்டிருக்கிறேன். இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதித்தான் ஆக வேண்டும்.

2021-இல் மாமனார் தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் மனைவிக்கு அழுகை நிற்கவில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்து அழுவாள். கையேட்டின் மூன்றாவது பத்தி என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. பானை ஒன்றின் மேல் ஆசையா, ‘எனக்குப் பிடித்தது ஒரு பானை’ என்று சொல்லிக்கொள், உடைந்தால் கலங்க மாட்டாய். மனைவி மக்களைக் கொஞ்சும்போதும் ‘இவர்கள் மனிதர்கள்’ என்று சொல்லிக்கொள், இறந்தால் கலங்க மாட்டாய். காலையில் வளைகாப்பு அழைப்பும் மத்தியானம் கண்ணீர் அஞ்சலியும் ஒரே மிஷினில் அடிப்பவனுக்கு இது புரியாத விஷயம் இல்லை. புரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “எல்லாரும் போற இடம்தானே, எதுக்கு இப்படி உடம்பைக் கெடுத்துக்கிறே?” என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தினாள். “உங்க புத்தகத்தை நீங்களே வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பல நாள் தேவையானதற்கு மட்டும்தான் பேச்சு.

அடுத்த வருஷம் பேராசிரியர் மறுபதிப்புக்கு வந்தார், 100 பிரதி. கூடவே முதல் பதிப்பில் நான் விட்ட பிழைகளின் பட்டியல், பதினொன்று. தலையைக் குனிந்துகொண்டு மறுபடி முதலிலிருந்து புரூஃப் பார்த்தேன். 16-ஆவது பத்தி. பிள்ளை பிரிந்ததாலோ பொருள் போனதாலோ ஒருவர் அழுதால், அவரை வருத்துவது நடந்த சம்பவம் இல்லை, அதைப் பற்றிய அவர் எண்ணம்தான் என்பது உனக்கு ஞாபகம் இருக்கட்டும். ஆனால் அவரிடம் ஆறுதல் பேசத் தயங்காதே, தேவைப்பட்டால் கூடச் சேர்ந்து அழு. உள்ளுக்குள் மட்டும் உடைந்துவிடாதே. இதையும் நான் 2019-இல் மூன்று தடவை படித்திருக்கிறேன். ஒற்றுப்பிழை இல்லை என்று டிக் போட்டிருக்கிறேன். பானைப் பத்தி எனக்கு நான் சொல்லிக்கொள்ள வேண்டியது. பக்கத்தில் அழுகிறவருக்கு எழுதியது 16.

அந்தப் புரூஃப் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, “இதை அப்ப படிச்சிருக்கலாம்” என்றாள். சரி, அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் பல மாதம் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், கடைக்கே வராமல் இருந்தார். அவரிடமும் ஆரம்பத்தில் ஐந்தாவது பத்தியைத்தான் தூக்கிக்கொண்டு போனேன்: மனிதரைக் கலக்குவது நடப்பவை இல்லை, அவற்றைப் பற்றி நாம் எடுக்கும் முடிவுகள். 1950-களில் அமெரிக்காவில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியல் நிபுணர் தன் சிகிச்சை முறைக்கு இந்தக் கருத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டார் என்பது உண்மை. அதற்காகப் புத்தகம் சிகிச்சை ஆகிவிடாது. நண்பரை டாக்டரிடம் கூட்டிப் போனது அவருடைய அக்கா, மாத்திரையும் ஆலோசனையுமாகத் தேறி வந்தார். என் பத்தியால் அவருக்கு வந்தது எரிச்சல்தான் என்று பிறகு சொன்னார்.

இப்போது விடாமல் செய்வது ஒன்றே ஒன்று, இரவுக் கணக்கு. இதுவும் செனகா. விளக்கை எடுத்த பிறகு, தன் பழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைய நாள் முழுவதையும் தனக்குள் ஓட்டிப் பார்த்து எதையும் மறைக்காமல் விசாரிப்பேன் என்கிறார். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் சீரியல் ஓடும். அதனால் கடையிலேயே, கல்லாவை எண்ணிப் பெட்டியில் போட்ட கையோடு செய்துவிடுவேன். கட்டிங் மிஷினில் விழுந்த நீளத் துண்டுக் காகிதம் ஒன்று. மூன்றே வரி: எங்கே சொதப்பினேன், எது பரவாயில்லை, எதைச் செய்யாமல் விட்டேன். நோட்டுப் புத்தகம் வேண்டாம். நோட்டு என்றால் நன்றாக எழுதத் தோன்றும், நன்றாக எழுதினால் பொய் வரும். துண்டுக் காகிதத்தை வாரக் கடைசியில் ஒருமுறை புரட்டிவிட்டு வேஸ்ட் பேப்பரோடு போட்டுவிடுவேன். ஒரே விஷயம் நான்கு நாள் வந்திருந்தால் மட்டும் அதைச் சுவரில் குத்தி வைப்பேன். இப்போது சுவரில் இருப்பது, ‘பேப்பர் கடைக்காரரிடம் போனில் எரிந்து விழுந்தேன்.’ இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறது.

போன வாரத் துண்டில் வேறு விஷயம். கடை இருக்கும் கட்டடத்தை இடித்துக் கட்டப் போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். சித்திரைக்குள் காலி செய்ய வேண்டும். அப்பா மிஷின் போட்ட இடம். மூன்று ராத்திரி மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்தப் பத்தியும் ஞாபகத்துக்கு வரவில்லை. நான்காம் நாள் துண்டில் மூன்றாவது வரியாக, ‘வேறு இடம் ஒன்றுகூடப் பார்க்கவில்லை’ என்று எழுதினேன்.

திங்கட்கிழமை செல்லூர் பக்கம் ஒரு இடம் பார்க்கப் போகிறேன். வாடகை கொஞ்சம் அதிகம், கீழ்த்தளம், த்ரீ பேஸ் லைன் இருக்கிறதாம். வாசல் அகலம் எவ்வளவு என்று கேட்டால் தரகருக்குச் சொல்லத் தெரியவில்லை. மிஷின் உள்ளே போக வேண்டும். டேப்பை எடுத்து வண்டிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.